வேலை போன பிறகு உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்வது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, அந்த வேலை போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐடி அலுவலகம், தொழிற்சாலை, கடை எதுவாக இருந்தாலும் பெரும்பாலான படிகள் ஒன்றுதான். வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வேலை இழந்த பலரை அருகிலிருந்து பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. யாரும் சோம்பலால் உடம்பைக் கெடுத்துக்கொள்வதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். முதல் வாரமே ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை டைம்டேபிள் போடுவார்கள். மருத்துவக் காப்பீடு முடிந்துபோனதை மட்டும் கவனிக்க மாட்டார்கள். சில நாட்களில் டைம்டேபிள் உடையும், ‘நம்மால் எதுவும் முடியாது’ என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். அதனால் படிகளைத் தாண்டிப் போகாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நிறுவனக் காப்பீட்டின் அட்டை, பாலிசி எண், யார் யார் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்ற விவரம். இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அதன் எண். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள். ஆதார், குடும்ப அட்டை. இவை அலுவலக மெயிலிலோ அலுவலக லேப்டாப்பிலோ இருந்தால் இன்றைக்கே சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையில் லாகின் போய்விடும், அப்புறம் ஒரு பிடிஎஃப்புக்காக எச்ஆரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

இவை தவிர ஒரு சாதாரண அலாரம் கடிகாரம், நடக்க ஒரு ஜோடி ஷூ, ஒரு நோட்டு. வேறு எதையும் வாங்க வேண்டாம்.

1. நோட்டீஸ் காலத்திலேயே மருத்துவக் காரியங்களை முடியுங்கள்

முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம், மற்ற எல்லாவற்றையும் பிறகும் செய்யலாம், இதற்கு மட்டும் கெடு உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். தள்ளிப்போட்டு வந்த கண்புரை, ஹெர்னியா, அம்மாவின் முழங்கால் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரை இப்போதே பாருங்கள். நிறுவனம் இலவச உடல் பரிசோதனை கொடுத்திருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு எண்கள் கையில் இருந்தால் பிந்தைய மாதங்களில் எது மாறுகிறது என்று ஒப்பிட முடியும்.

அடுத்து, குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாகப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்பு இருக்கலாம். மாறிக்கொள்பவர்களுக்கு, குழுக் காப்பீட்டில் ஏற்கெனவே கழித்த காலம் அந்தக் காத்திருப்பில் கழிக்கப்படும். காப்பீட்டு நிறுவனம் உங்கள் உடல்நிலையை மறுபடி மதிப்பிடலாம், பிரீமியமும் சொந்தப் பணம். ஆனாலும் வயதான பெற்றோர் அந்தக் காப்பீட்டில் இருந்திருந்தால் இந்த ஒரு விசாரிப்பு பெரிய தொகையை மிச்சப்படுத்தும். கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இஎஸ்ஐ உள்ளவர்கள் வேலை போன அன்றே மருத்துவ உரிமையும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இதுபோக, அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும். திட்டம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதாலும், நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதாலும், அது இப்போது நடப்பில் இருக்கிறதா என்று உங்கள் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதுதான் சரி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நேற்று வரை நல்ல சம்பளம் வாங்கியவருக்கு வருமானச் சான்று உடனே அப்படிக் கிடைப்பது கடினம். தனிக் குடும்ப அட்டை வைத்திருக்கும் பெற்றோர் தகுதி பெறலாம், அதைப் பார்த்து வையுங்கள்.

இந்தப் படியில் அதிகம் பார்க்கும் தவறுகள் இரண்டு. ‘ரெண்டு மாசத்துல வேலை கிடைச்சிடும்’ என்று காப்பீடே இல்லாமல் இருப்பது ஒன்று. இன்னொன்று, பிரீமியம் குறையட்டும் என்று விண்ணப்பத்தில் சர்க்கரையையும் பிபியையும் மறைப்பது. மறைத்தால் பணம் தேவைப்படும் நாளில் கிளெய்மை நிராகரிக்கக் காரணம் நீங்களே கொடுத்ததாக ஆகும்.

2. வீட்டில் சொல்லுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள்

காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூங்காவிலும் மாலிலும் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். வேலை போனதைவிட அந்த நடிப்புதான் அவர்களின் தூக்கத்தைத் தின்கிறது. மனைவியிடமோ கணவரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். பெற்றோரிடம் எப்போது சொல்வது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

பிறகு ஒரு மாலை உட்கார்ந்து ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள்: கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும்? வாடகை, ஈஎம்ஐ, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து, பிரீமியம் ஆகியவற்றைக் கூட்டி, சேமிப்பையும் செட்டில்மென்ட் தொகையையும் அதால் வகுத்தால் போதும். ஆரோக்கியக் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். இரவு 2 மணிக்கு மனம் போடும் கணக்குக்கு விடை கிடையாது, அதனால்தான் அது தினமும் வருகிறது. நோட்டில் எழுதிய எண், அது சிறியதாகவே இருந்தாலும், அந்த வேலையை மனதிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஈஎம்ஐ இடிக்கும் என்று தெரிந்தால் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். கடன் ஆப் பக்கம் போக வேண்டாம், அவர்களின் வசூல் அழைப்புகளால் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. எழும் நேரத்தை மட்டும் கட்டிப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வேலை போனதும் முதலில் நழுவுவது தூங்கும் நேரம். மறுநாள் எங்கும் போக வேண்டாம் என்பதால் இரவு ஒரு மணி வரை போன், காலை 9 மணிக்கு எழுவது. அதனால் காலைச் சாப்பாடு தவறும், வெயில் ஏறிவிடுவதால் நடை தவறும், ஆட்களுக்கு போன் செய்ய வேண்டிய காலை நேரம் வீணாகும். மதியம் தூக்கம் வரும், அதனால் இரவு வராது. எல்லாமே முதல் முடிச்சிலிருந்துதான் அவிழ்கின்றன.

தூங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்காதீர்கள். படுக்கலாம், தூக்கத்தை வரவழைக்க முடியாது. எழும் நேரம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. 6 அல்லது 6.30 என்று ஒன்றை வைத்துக்கொண்டு, ஞாயிறு உட்பட, முந்தைய இரவு எப்படிப் போனாலும் அதே நேரத்தில் எழுங்கள். எழுந்த அரை மணிக்குள் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் வெளிச்சத்தில் நில்லுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் கடிகாரத்தைத் திருத்துகிறது. சில நாட்கள் மதியம் சோர்வாக இருக்கும், பிறகு இரவுத் தூக்கம் தானாக முன்னால் வரும்.

மதியம் தூங்கியே ஆக வேண்டும் என்றால் 3 மணிக்கு முன், அரை மணிக்குள். மாலை 4 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், அலாரம் கடிகாரம் வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

அமெரிக்க ஷிப்டில் இருந்தவர்கள் ஒரே நாளில் காலை 6 மணிக்கு மாற முயல வேண்டாம். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வீதம் முன்னால் கொண்டு வாருங்கள்.

4. வேலை தேடுவதற்கு நேர வரம்பு வையுங்கள்

‘வேலை தேடுவதே முழுநேர வேலை’ என்று யாராவது உங்களுக்கு அறிவுரை சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். எட்டு மணி நேரம் நௌக்ரியையும் லிங்க்ட்இன்னையும் புரட்டுபவர் இரண்டு மணி நேரத்துக்கான வேலையைத்தான் செய்கிறார். மீதி நேரம் மெயில் வந்ததா என்று பார்ப்பதிலும், பழைய சக ஊழியரின் பதவி உயர்வுப் பதிவைப் படிப்பதிலும் போகிறது.

காலை 9.30 முதல் 12.30 வரை, மூன்று மணி நேரம். மனம் தெளிவாக இருக்கும் நேரம் அது, எச்ஆர் ஆட்களும் போனை எடுக்கும் நேரம். மெயிலை ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும், இரண்டாவது மாலை 5 மணிக்கு. அதற்கு மேல் பார்க்க வேண்டாம். இரவு படுக்கும் முன் ஒரு நிராகரிப்பைப் படித்தால் அந்த இரவு போச்சு.

நோட்டில் உங்கள் கையில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை விண்ணப்பம் கவனமாக எழுதி அனுப்பினேன், எத்தனை பேரிடம் பேசினேன். பதில் வந்ததா என்பதை எண்ணாதீர்கள். ஒரே பட்டனில் நூறு இடத்துக்கு விண்ணப்பித்தால் நூறு மௌனங்கள்தான் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் மனம் ‘உன்னை வேண்டாம் என்றார்கள்’ என்றே படிக்கிறது.

முடிந்தால் இந்த மூன்று மணி நேரத்தை வீட்டுக்கு வெளியே செலவிடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். குளித்து, சட்டை மாற்றி, கிளம்பிப் போக ஓர் இடம் இருப்பதே பாதி மருந்து. 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் மக்கள் எடுத்த புத்தகங்கள் குறைந்துபோயிருந்தன, ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். வரம்பில்லாத நேரம் ஓய்வாக மாறுவதில்லை.

5. உடம்பை அசைக்க: குறைவாகத் தொடங்குங்கள்

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அதாவது ஐந்து நாள், அரை மணி நேர வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு.

முதல் வாரம் 15 நிமிடம் போதும், எழுந்த உடனே. மாலைக்குத் தள்ளினால் ஒரு போன் வரும், மழை வரும், மனநிலை மாறும். கோடையில் 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். தசைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மாடிப்படி போதும். 40 வயதைத் தாண்டி, பிபி, சர்க்கரை இருந்து, பல வருடமாக அசையாதவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்தால் கேஸ் என்று சோடா குடிக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஜிம் பிடிக்கும் என்றால் மாதச் சந்தா மட்டும்.

6. சாப்பாடு, மாத்திரை, குடி

வீட்டில் இருப்பவருக்கு எடை ஏறுவது சோற்றால் மட்டும் இல்லை. காலையில் எதுவும் சாப்பிடாமல் 11 மணிக்கு ஒரு பெரிய தட்டு, நடுவில் நாலைந்து சர்க்கரை டீ, மாலை பஜ்ஜி, இரவு போன் பார்த்தபடி மிக்சர். காலை 8.30க்கு உட்கார்ந்து சாப்பிட்டால் இதில் பாதி தானாக நிற்கும். அலுவலகத்தில் இருந்த அதே சாப்பாட்டு நேரங்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைச் சுருக்கும்போது வீடுகளில் முதலில் வெட்டப்படுவது முட்டையும் பழமும். அரிசி அப்படியே இருக்கும். இது தலைகீழ். ரேஷனில் துவரம் பருப்பு வருகிறது, விட்டுவிடாதீர்கள். முட்டை, பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, மத்தி மீன், கீரை ஆகியவை மலிவு. வெட்ட வேண்டியது ஆன்லைன் ஆர்டரையும் பேக்கரியையும்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ ஒன்றுவிட்டு ஒரு நாள் போடவோ கூடாது. பிபி, சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, மனநல மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பணம்தான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் இலவசம். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வரும். மற்ற மருந்துகளுக்கு ஜன் ஔஷதி கடைகளிலும் முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் (அதே மருந்து, பிராண்ட் பெயர் இல்லாமல் மலிவாக) கேட்டுப் பாருங்கள்.

குடியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். வேலையில்லாத மாதங்களில் அது தூக்கத்துக்காகத் தொடங்குகிறது. சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், அதனால் மறுநாள் இன்னும் அதிகம் தேவைப்படும். எப்போதாவது குடிப்பவர் அடுத்த வேலை வரை விட்டுவிடுவது நல்லது. பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். அவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்த வேண்டும்.

7. ஆட்களைச் சமாளிப்பது

‘வேலை என்னாச்சு?’ என்ற கேள்விக்குப் பதிலை முன்பே தயார் செய்யுங்கள். “கம்பெனியில ஆள் குறைச்சாங்க. தேடிட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க சித்தப்பா.” அவ்வளவுதான். தயாராக இல்லாதவர்கள்தான் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் போகாமல் ஒதுங்குகிறார்கள். அந்த ஒதுக்கம் சீக்கிரம் பழகிவிடும். அதோடு, அடுத்த வேலை பலருக்கும் இப்படிப்பட்ட இடத்தில் கேட்ட ஒரு பேச்சிலிருந்துதான் வருகிறது.

வீட்டுக்குள் வரும் சிக்கல் வேறு. “சும்மாதானே இருக்க, இந்த சிலிண்டர் விஷயம் என்னன்னு பாரேன்.” ஒவ்வொரு வேலையும் சின்னதுதான், சேர்ந்தால் காலை முழுக்கப் போய்விடும். சண்டை போட வேண்டாம். மாறாக, சில வேலைகளை நீங்களே கேட்டு வாங்குங்கள்: பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாலைக் காய்கறி, இரவுச் சமையல். அது உங்கள் பொறுப்பு, 9.30 முதல் 12.30 வரை நீங்கள் இல்லை. இப்படிப் பேசி வைத்தால் இருவருக்கும் நிம்மதி.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். வேலை போனதை வீட்டில் யாரும் இழப்பாகவே எண்ணுவதில்லை. “நல்லதாப் போச்சு, கொஞ்ச நாள் வீட்டைப் பாரும்மா” என்று மாமியார் அன்பாகவே சொல்வார். சில வாரங்களில் பணிப்பெண்ணையும் நிறுத்தியிருப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தைக் கணவர் வாயால் வீட்டில் அறிவிக்க வைப்பது நல்லது. நியாயமா என்றால் இல்லை, ஆனால் வேலைக்கு ஆகும்.

வாரத்துக்கு இரண்டு பேரை நேரில் பாருங்கள். ஒருவராவது உங்கள் துறைக்கு வெளியே இருக்கட்டும்.

8. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

முதல் சில வாரம் கோபம், அவமானம், அழுகை எல்லாம் வரும். அது நோயல்ல. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம் மனம் சோர்ந்தே இருந்தாலோ எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனாலோ காத்திருக்க வேண்டாம். கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் ஆகியவையும் சேரலாம். நம் ஊரில் பலருக்கு இது மனக் குறையாக வெளியே வருவதே இல்லை. தலைபாரம், உடம்பு வலி, வாயுத் தொல்லை, படபடப்பு என்று வரும். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் இல்லை என்றால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, மருந்தும் அங்கேயே தருவார்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் போனில் தொடங்கலாம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே 14416ஐ அழையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு: அவர் அப்படிச் சொன்னால் ‘சும்மா சொல்கிறார்’ என்று விடாதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைக் கவர்களை எடுத்து ஒளித்து வையுங்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பிடுங்கும் மோசடியில் சிக்கியவர்கள் வெட்கத்தால் வெளியே சொல்லாமல் இருந்து இந்த நிலைக்கு வருகிறார்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வாய்ப்பு.

9. ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறங்கள்

நான்கு வரி போதும்: சொன்ன நேரத்தில் எழுந்த நாட்கள், நடந்த நாட்கள், நேரில் பார்த்த ஆட்கள், இடுப்புச் சுற்றளவு. மாதம் ஒருமுறை பிபி. வாரம் மோசமாகப் போயிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அடுத்த வாரத்துக்கு 3ஆம் படி மட்டும், மற்றவை பின்னால் வரும்.

10. ஆஃபர் வந்ததும்

பலர் இங்கேதான் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள். சேரும் நாளுக்கு முந்தைய வாரமே எழும் நேரத்தைப் புதிய ஷிப்டுக்கு நகர்த்துங்கள். புதிய நிறுவனக் காப்பீடு சேர்ந்த அன்றே தொடங்குகிறதா, பெற்றோரும் அதில் வருகிறார்களா என்று எச்ஆரிடம் கேளுங்கள். தனிநபர் பாலிசி எடுத்திருந்தால் அதை ரத்து செய்யாமல் தொடர்ந்து கட்டுங்கள். காத்திருப்புக் காலம் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த முறை வேலை மாறினாலும் அது உங்களோடு இருக்கும். மனநல மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், வேலை கிடைத்துவிட்டதே என்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் வரை தொடருங்கள். சேரும் முன் அவரிடம் ஒரு முறை போய், புதிய வேலை நேரத்துக்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.